ஆயிரம் பின்களில் ஒன்று

...ஏமாற்றுகிறவனாக இருந்தால் வீட்டுக்கு வாங்க என்று சொல்லியிருப்பானா, பஸ் நிறுத்தத்திலேயே சாமானைக் கைமாற்றிவிட்டு ஆள் மறைந்திருப்பான், இதை விற்கிறவர் விலாசம் கொடுத்திருக்கிறார், எந்த டிப்போவில் பஸ் ஓட்டுகிறார் என்றுகூடச் சொல்லியிருக்கிறார், பயப்பட ஒன்றுமில்லை, ஏறு, என்று தன்னையே அதட்டிக்கொண்டு மூன்றாவது மாடிப் படியில் கால் வைத்தாள். லிஃப்ட் வேலை செய்யவில்லை. ஐம்பது வயதில் மூச்சு வாங்க மாடி ஏறி, யாரோ கழற்றிப்போட்ட பழைய கம்ப்யூட்டர் பிராசசரை வாங்க வந்திருக்கிறாள்... கேட்டால் சிரிப்பார்கள், சிரிக்கட்டும். வீட்டுக்காரர் காலையிலேயே சிரித்தாயிற்று. பழசைப் போய் ஏன் வாங்கறே, அடுத்த வருஷம் புதுசாவே ஒரு கம்ப்யூட்டர் வாங்கிடலாமே, என்றார், பேப்பரிலிருந்து தலையைத் தூக்காமல். அடுத்த வருஷமா? நாளைக் காலைக்குள் மூன்று கடைவாய்ப்பல் வரைந்து அனுப்ப வேண்டும், அனுப்பினால் வேலை, இல்லாவிட்டால் இல்லை. இருபத்தாறு வருஷம் பல் லேபில் மெழுகு செதுக்கியவள், எந்த டாக்டர் யாருக்குக் கேப் போடச் சொன்னாலும் அந்தப் பல் முதலில் இவள் விரலில்தான் உருவாகும், இப்போது ஸ்கேனர் வந்துவிட்டது, பல்லைக் கம்ப்யூட்டரில் வரைந்து கொடுத்தால் மெஷின் கடைந்து தந்துவிடுகிறது. வீட்டிலிருந்தே வரையலாம்மா, ஆனா உங்க கம்ப்யூட்டர் தாங்குமான்னு பாத்துக்கோங்க, என்றார் முதலாளி. தாங்கவில்லை. பல்லை ஒரு பக்கம் திருப்பச் சொன்னால் அது திரும்புவதற்குள் ஒரு பாத்திரம் கழுவிவிட்டு வந்துவிடலாம், நேற்று அப்படியே மொத்தப் பாத்திரத்தையும் கழுவி முடித்தாள், பல் முக்கால்வாசிதான் திரும்பியிருந்தது. மூன்று நாளாகப் படித்தாள். பெட்டியைத் திறந்து மதர்போர்டின் எண்ணைக் குனிந்து பார்த்து எழுதிக்கொண்டாள், அதில் எந்தெந்தப் பிராசசர் ஏறும் என்று தேடினாள், அதைப் புதிதாக விற்பவர் யாருமில்லை என்று தெரிந்ததும் பழையதை விற்பவரைத் தேடினாள். யாரிடமும் யோசனை கேட்கவில்லை. கேட்டால் வேண்டாம் என்பார்கள், அது ஒன்றுதான் எல்லாருக்கும் சட்டென்று வாயில் வரும்.

கதவைத் திறந்தவர் டிரைவரேதான், வாட்டசாட்டமான ஆள், ஆனால் குரல் மட்டும் பூனைக்குட்டி போல. மேசையில் கம்ப்யூட்டருக்கு முன்னால் ஒரு ஸ்டியரிங் சக்கரம்! திரையில் யாருமில்லாத சாலையில் ஒரு பஸ் நின்றுகொண்டிருந்தது. அவள் அதையே பார்ப்பதைக் கண்டு அவர் நெளிந்தார். "பொழுதுபோக்குங்க... இங்க டிராஃபிக் கிடையாது பாருங்க." உள்ளிருந்து அவர் மனைவி, "ஆறு நாள் பஸ் ஓட்டிட்டு, லீவு நாள்லயும் வீட்டுல பஸ்ஸு, நான் ஒருத்தி ஸ்டாப்புல நிக்கறது கண்ணுக்குத் தெரியாது," என்றாள். வாங்க வந்தவளுக்குச் சிரிப்பு வந்தது, சிரித்தபடியே கைப்பையிலிருந்து மடக்கு லென்ஸை எடுத்தாள். இவளுக்குத் தெரிந்த ஒரே பழக்கம் அது, எதையும் லென்ஸ் வைத்துப் பார்க்காமல் வாங்கியதில்லை. சின்ன பிளாஸ்டிக் டப்பாவில் பிராசசர், நாலு கடைவாய்ப்பல்லை வரிசையாக வைத்த அகலம், கவிழ்த்தால் தங்க முலாம் பூசிய பின்கள், ஆயிரத்துக்கும் மேலே, வரிசை வரிசையாக... ஓரத்திலிருந்து ஐந்தாவது வரிசையில் கண் நின்றது. ஒரே ஒரு பின், பக்கத்துப் பின்னின் தோளில் சாய்ந்திருந்தது. அப்படியே மதர்போர்டின் சாக்கெட் துளைகளில் உட்காராது, அழுத்தினால் ஒடிந்துவிடும். இது வளைஞ்சிருக்குங்க, என்றாள். டிரைவர் லென்ஸை வாங்கிப் பார்த்தார், முகம் சுருங்கிப் போயிற்று. கழற்றும்போது மேலே இருக்கும் கூலர் விசிறியைத்தான் இழுத்தாராம், நடுவிலிருந்த பசை இறுகி ஒட்டிக்கொண்டு பிராசசரும் சேர்ந்தே பிடுங்கிக்கொண்டு வந்துவிட்டதாம், பார்க்காமலே டப்பாவில் போட்டுவிட்டாராம். "சத்தியமா தெரியாதுங்க. வேணாம், விட்டுடுங்க, உங்களை அலைய வச்சுட்டேன்." விட்டுவிட்டு? வெறுங்கையோடு மூன்று மாடி இறங்கி, வீட்டுக்குப் போய், நான்தான் சொன்னேனே என்பதைக் கேட்டுக்கொண்டு... முடியாது. ஊசி இருக்குமா, தையல் ஊசி, மெல்லிசா, என்று கேட்டது தன் குரல்தானா என்று அவளுக்கே சந்தேகமாக இருந்தது.

ஏனென்றால் அவள் கை நடுங்கும். இது யாருக்கும் தெரியாது, வீட்டுக்காரருக்குக்கூட. போன வருஷம் லேபில் ஒரு நாள், பல்லின் நடுக்குழியைச் செதுக்கும்போது கத்தி முனை தானாக ஒரு துள்ளு துள்ளியது, மெழுகு பிளந்தது, மறுநாளும் துள்ளியது, அப்புறம் வாரத்துக்கு இரண்டு மூன்று. கண் சரியில்லை என்று சொல்லிக் கண்ணாடியை மாற்றினாள், காபியை விட்டுப் பார்த்தாள், டாக்டரிடம் மட்டும் போகவில்லை, போனால் ஏதாவது பேர் சொல்லிவிடுவார். வீட்டிலிருந்து கம்ப்யூட்டரில் வரையலாம் என்றதும் முதல் ஆளாகக் கை தூக்கியது இதனால்தான், மௌஸில் தவறினால் ஒரு பொத்தானைத் தட்டிப் பழைய இடத்துக்குத் திரும்பிப் போய்விடலாம், மெழுகில் போக முடியாது, இந்தப் பின்னிலும் போக முடியாது... டிரைவரின் மனைவி ஊசியோடு வந்தாள். டிரைவர் தயங்கித் தயங்கி, "நீங்க நிமிர்த்தறப்போ ஒடிஞ்சா... அதுக்கு நான் பொறுப்பில்லைங்க," என்றதுதான் தாமதம், மனைவி பிடித்துக்கொண்டாள். "வளைச்சு வச்சது யாரு? அவங்களா? நீங்க பண்ணுங்கக்கா. ஒடிஞ்சா ஒடியட்டும், என்ன இப்போ." ஜன்னல் வெளிச்சத்துக்கு நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள். முழங்கைகள் இரண்டும் மேசையில், இடது கண்ணில் லென்ஸ், மூச்சைப் பாதியில் நிறுத்தி, ஊசியைச் சாய்ந்த பின்னுக்கும் அதைத் தாங்கிய பின்னுக்கும் நடுவே இறக்கினாள். இருவரும் தலைக்கு மேல் குனிந்து நிற்கிறார்கள், டிரைவரின் மூச்சு பின்கழுத்தில் படுகிறது. ஒரு மயிரிழை தள்ளினாள், நின்றாள். இன்னொரு மயிரிழை. அவசரப்படுத்தாதே, உலோகத்துக்கும் அலுப்பு உண்டு, அதன் போக்கில் விடு... கடைசியாக ஒரு தொடுதல், சாய்ந்த பின் மற்றவற்றோடு ஒரே வரிசையில் நிமிர்ந்து நின்றது, எது வளைந்திருந்தது என்று அவளுக்கே அடையாளம் தெரியவில்லை. அப்போதுதான் கையைப் பார்த்தாள். கல் மாதிரி அசையாமல் இருந்தது.

டிரைவர் தன் பழைய போர்டிலேயே பொருத்தி ஓட்டிக் காட்டினார், திரையில் எழுத்து வந்தது, அவள் காசைக் கொடுத்தாள், டப்பாவைக் கைப்பைக்குள் வைத்துப் பையை மடியில் அணைத்தபடி பஸ்ஸில் உட்கார்ந்திருந்தாள். ஏன் நடுங்கவில்லை? ஆள் நின்று பார்த்ததால்தான் லேபில் நடுங்கியது என்றால், இங்கேயும் இரண்டு பேர் தலைமேலேயே நின்றார்களே. நோய் என்றால் லீவு நாளில் மட்டும் வராமல் இருக்குமா? லேபில் முதலாளி ஒருநாளும் திட்டியதில்லை, அதைச் சொல்லித்தான் ஆக வேண்டும், நல்ல மனுஷர் என்றுதான் எல்லாரும் சொல்வார்கள். உடைந்த மெழுகுப் பல்லை இரண்டு விரலால் எடுத்துப் போவார், வாசல் மேசையில் ஒரு வெள்ளைத் தட்டு, அதில் வைப்பார், பக்கத்தில் செய்தவர் பெயரை எழுதிய சீட்டு. ஒரு வார்த்தை பேசமாட்டார். சாயங்காலம் வீட்டுக்குப் போகும் எல்லாரும் அந்தத் தட்டைத் தாண்டித்தான் போக வேண்டும். இருபத்தாறு வருஷத்தில் யாராவது ஒருவர், ஒரே ஒரு தடவை, ஒடிஞ்சா ஒடியட்டும் என்று சொல்லியிருக்கிறார்களா... ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள். வீட்டுக்காரர் சாப்பிட்டுவிட்டுத் தூங்கிக்கொண்டிருந்தார், நல்லதாய்ப் போயிற்று. பெட்டியைப் பிரித்தாள், கூலரை இழுக்காமல் இடமும் வலமுமாகத் திருகித் திருகிக் கழற்றினாள், சாக்கெட்டின் நெம்புகோலைத் தூக்கிப் பழைய பிராசசரை எடுத்தாள், வாங்கி வந்ததன் மூலையிலிருந்த தங்க முக்கோணத்தைச் சாக்கெட்டின் முக்கோணத்துக்கு நேராக வைத்து இறக்க, அது தன் எடையிலேயே பொத்தென்று உட்கார்ந்தது. பட்டாணி அளவு புதுப் பசை, மேலே கூலர், நாலு திருகு. பொத்தானை அழுத்தியபோது சாமி கும்பிடவில்லை, வருகிறாயா இல்லையா என்று அதட்டினாள். வந்தது. பல்லைத் திருப்பினாள், அது விரல் போன போக்கில் சுழன்றது, மேட்டையும் பள்ளத்தையும் காட்டிக்கொண்டு, நிற்கச் சொன்ன இடத்தில் நின்றது. இரண்டாவது பல் பாதியில் இருக்கும்போது போன் அடித்தது. முதலாளி. லீவு நாள் மத்தியானத்தில் அவரே கூப்பிடுகிறார், குரலில் அதே சாந்தம். "என்னம்மா, கம்ப்யூட்டர் சரியாயிடுச்சா? நாளைக்குள்ள முடிச்சுடுவீங்களா?" ஆயிடுச்சு சார், என்றாள், காலையிலேயே அனுப்பிடறேன் சார், என்றாள், வழக்கமாக அங்கே பேச்சு முடிந்து அவர் வைத்துவிடுவார், அவர் வைப்பதற்குள் வாய் தானாகத் திறந்து, "ஆனா..." என்றது. அவர் போனை வைக்கவில்லை. அவரிடம் இதற்கு முன் ஆனா என்று சொன்னதே இல்லை என்பது அப்போதுதான் உறைத்தது, வாசல் மேசையின் வெள்ளைத் தட்டு கண்ணுக்குள் நின்றது, அதற்கப்புறம் என்ன சொல்லப் போகிறாள் என்பது அவளுக்கும் தெரியாது, போனைக் காதோடு அழுத்திப் பிடித்துக்கொண்டு, அவரைப் போலவே அவளும் காத்திருந்தாள்.