வாயு என்று சொன்னவன்

நெல்சனை அடக்கம் பண்ணி ஒன்பது நாள் ஆகியும் மாரிச்சாமியால் ஓரிடத்தில் உட்கார முடியவில்லை. குந்தா மின்நிலையத்தில் இருவருக்கும் பதினெட்டு வருஷமாக ஒரே ஷிப்ட். இப்போது தனியாக நிற்பான். வெளியே போய் சிகரெட் பற்றவைப்பான், பாதியில் அணைத்துவிட்டு உள்ளே வருவான். வீட்டில் சோற்றைப் பிசைந்துவிட்டு எழுந்துவிடுவான்.

"ஏனுங்க, என்னதான் ஆச்சு?" என்று மனைவி சரிதா கேட்டால், "ஒண்ணுமில்ல அம்மிணி" என்பான்.

ஆனால் இருந்தது. நெல்சன் செத்த அன்றைக்குக் காலை பத்து மணிக்கு அவன் மார்பைத் தேய்த்துக்கொண்டே, "இடது கை கடுக்குதுடா, வேர்க்குது" என்றான். ஸ்வெட்டருக்குள்ளேயே நடுங்குகிற குளிர். அந்தக் குளிரில் அவன் வேர்த்து நின்றதைப் பார்த்தும் மாரிச்சாமி, "நேத்துத் தின்ன கறி. வாயுதான்" என்று சோடா வாங்கிக் கொடுத்தான். நெல்சன் ஏப்பம் விட்டுச் சிரித்தான். பன்னிரண்டு மணிக்கு ஜீப்பில் ஏற்றும்போது பேச்சில்லை. ஊட்டி ஆஸ்பத்திரி வரை உயிர் தாங்கவில்லை. வயசு நாற்பத்தொன்பது.

பத்தாம் நாள் மாரிச்சாமி நெல்சன் வீட்டுக்குப் போய், அவன் மனைவி ரேகா முன்னால் நின்றபடியே எல்லாவற்றையும் சொன்னான். "ரெண்டு மணி நேரத்த நான்தான் வீணாக்கிட்டேன் தங்கச்சி."

ரேகா சுவரைப் பார்த்துக்கொண்டிருந்தாள். "விடியறப்பவே நெஞ்சு பாரமா இருக்குன்னாருங்கண்ணா. நான் இஞ்சிக் கசாயம் குடுத்து வேலைக்கு அனுப்பினேன். பிரஷர் மாத்திரைய நிறுத்தினதும் எனக்குத் தெரியும்." சட்டென்று திரும்பினாள். "உங்களுக்கும் பிரஷர்தானே, நீங்க மாத்திரை போடறீங்களா?"

"தலை சுத்தல் இல்லையேன்னு... ஆடி மாசத்தோட விட்டுட்டேன்."

"அப்புறம் எதுக்கு இங்க வந்து அழறீங்க?" அவள் குரல் வெடித்தது. "சரிதாவையும் என்னாட்டம் உக்கார வெக்கப் போறீங்களா? போங்க, மொதல்ல போய் டாக்டரைப் பாருங்க!"

மறுநாள் சரிதாவோடு ஊட்டிக்குப் போனான்.

"ஒரு நாளைக்கு எத்தனை சிகரெட்?" என்றார் டாக்டர்.

"அஞ்சு" என்றவன், சரிதாவின் முகத்தைப் பார்த்து, "இருவதுங்க" என்றான்.

இ.சி.ஜி.யில் பெரிய பழுதில்லை. பிரஷர் நூற்றெண்பது, கூடவே சர்க்கரை. மாத்திரையை ஒரு நாளும் விடக்கூடாது, சிகரெட் கூடவே கூடாது, உப்பும் ஊறுகாயும் குறைய வேண்டும், தினமும் நடக்க வேண்டும் என்றார்.

சிகரெட்டை விட்டு மூன்று வாரம் ஆகிறது. விரல்கள் இன்னும் சட்டைப்பையைத் துழாவுகின்றன; சின்னச் சத்தத்துக்கும் எரிந்து விழுகிறான். ஷிப்ட் முடிந்ததும் சரிதாவோடு மேல்ரோட்டில் நடக்கிறான். ஏற்றத்தில் மூச்சு வாங்கும்போது பயந்து நின்றுவிடுகிறான்.

"மெதுவா வாங்க, நானிருக்கேன்" என்கிறாள் சரிதா.