கதவுக்கு அடியில் தள்ளிய பட்டியல்

1

இந்தக் கதை முழுக்க எனக்குச் சொந்தமானதில்லை. அதை முதலிலேயே சொல்லிவிடுவது நல்லது. மாலை எழுத்துப் பயிற்சி வகுப்பில், குளிர் விட்டுவிட்டது, வீட்டையும் மனசையும் சுத்தம் செய்வது பற்றி எல்லோருக்கும் பயன்படுகிற மாதிரி ஏதாவது எழுதி வாருங்கள் என்று சொல்லியிருந்தார்கள். இடைவேளையில் எனக்கு அடுத்த இருக்கைக்காரர் காகிதக் கோப்பையை நசுக்கிக்கொண்டே சொன்னார்:

"எங்க வீட்ல ஒரு ரூம் ஏற்கெனவே சுத்தமாயிடுச்சு. அதான் பயமா இருக்கு."

ஏன் என்று கேட்டிருக்க வேண்டும். கேட்கத் துப்பில்லாமல் கையிலிருந்த பேனாவைத் திறந்து மூடிக்கொண்டிருந்தேன். அவர் எழுந்து போய்விட்டார். இனி வரப்போகிற கதையில் இருப்பதுபோல அவருக்கு ஒரு தம்பி இருக்கிறாரா என்றுகூட எனக்குத் தெரியாது. அந்த ஒரு வாக்கியத்தைத் தவிர இனி வருவதெல்லாம் என் கைச்சரக்கு.

2

தொடக்கம் மூன்று முறை தவறிப்போனது.

"குளிர் விட்ட முதல் திங்கட்கிழமை அவள் ஜன்னலைத் திறந்தபோது" — ஜன்னலைத் திறந்தால் காற்று வரும், காற்று வந்தால் திரைச்சீலை ஆட வேண்டும், பிறகு அவள் பெருமூச்சு விட வேண்டும். வேண்டாம்.

"மேல்தட்டிலிருந்து துடைக்கத் தொடங்குங்கள், ஏனென்றால் தூசி" — இது பயன்படுகிற கட்டுரை. வகுப்பில் கேட்டது இதைத்தான். ஆனால் அந்த "பயமா இருக்கு" இதற்குள் எங்கே உட்காரும்?

"அவளுக்குக் களைப்பாக இருந்தது." இதுவும் சுமார்தான். ஆனாலும் பொய்யில்லை. வைத்துக்கொள்கிறேன்.

அவளுக்குக் களைப்பாக இருந்தது. மருந்துக் கிடங்கில் ஸ்டாக் எடுக்கிற வேலை. எட்டு மணி நேரம் அலமாரி அலமாரியாக நின்று அட்டைப்பெட்டிகளை எண்ண வேண்டும். எண்ணி முடித்து, இரண்டு பஸ் மாறி வீட்டுக்கு வந்தால், நாலு மாதமாக மூடியிருக்கிற ஒரு கதவு. அதற்குப் பின்னால் அவள் தம்பி. வேலை போன முதல் வாரம் அவன் எல்லோரோடும் சண்டை போட்டான். இரண்டாவது வாரம் சிரித்தான். மூன்றாவது வாரத்திலிருந்து தட்டு மட்டும்தான் உள்ளே போய் வெளியே வருகிறது.

தினமும் செருப்பைக்கூடக் கழற்றாமல் அந்தக் கதவில் போய் நிற்பாள். இருக்கியாடா என்பாள். உள்ளேயிருந்து ஒரு "ம்" வரும். அந்த "ம்" வராமல் போகிற ஒரு நாளைப் பற்றி அவள் யாரிடமும் பேசியதில்லை. ஆனால் இரண்டாவது பஸ் அவர்கள் தெருவுக்குள் திரும்பும்போதெல்லாம் அவள் நிறுத்தம் வருமுன்பே எழுந்து படிக்கட்டுக்குப் போய்விடுவாள்.

3

சரி, சுத்தம் செய்யலாம். வீடு முழுக்க முடித்துவிட்டாள். குளியலறை, சமையலறை, சோபாவுக்கு அடியில் கிடந்த மூன்று ஒற்றைக் காலுறைகள். மிச்சம் அவன் அறை. உள்ளே குப்பை மலைபோல் குவிந்திருக்கும் என்று அவளாக நினைத்துக்கொண்டாள். அதை அள்ளிப்போட்டால் அவனும் கொஞ்சம் எழுந்து உட்காருவான் என்று ஒரு நப்பாசை. பத்திரிகைகள் எல்லாம் அப்படித்தானே எழுதுகின்றன.

கதவைத் தட்டிக் கேட்டால் பேச்சு வளரும், பேச்சு வளர்ந்தால் "ம்"மும் நின்றுபோகும். அதனால் அவளுக்குத் தெரிந்த வழியில் செய்தாள். கிடங்குத் தாள் ஒன்றில் கட்டம் போட்டு, அவன் அறைச் சாமான்களை வரிசையாக எழுதினாள். மேசை விளக்கு. குளிர்கோட்டு. ஷூ, மூன்று ஜோடி. சைக்கிள் பம்ப். பழைய மானிட்டர். இருபத்துமூன்று வந்தது. எதிரே மூன்று கட்டம்: இருக்கட்டும், போகட்டும், பார்க்கலாம். டிக் போட்டால் போதும், வாயைத் திறக்க வேண்டாம்.

கதவுக்கு அடியில் தாள் நுழைந்தது. பேனா நுழையவில்லை. பேனாவைக் கழற்றி ரீஃபிலை மட்டும் உருட்டிவிட்டாள்.

(இந்த ரீஃபிலை எழுதிய பிறகுதான் அவள் மேல் எனக்கு நம்பிக்கை வந்தது. அதுவரை அவள் வெறும் அக்காவாக இருந்தாள்.)

(இன்னொன்று. அவள் தொழிலில் செய்யவே கூடாத தப்பு, அலமாரியைப் பார்க்காமல் ஞாபகத்திலிருந்து ஸ்டாக் எழுதுவது. புதிதாகச் சேருபவர்களை இதற்காக அவள் வறுத்தெடுப்பாள். அவளேதான் நாலு மாதத்துக்கு முன்பு பார்த்த அறையை இன்றைய தேதி போட்டு எழுதியிருந்தாள். தெரிந்தே செய்தாளா? தெரியவில்லை. களைப்பு என்று வைத்துக்கொள்வோம்.)

4

மறுநாள் காலை வேலைக்குக் கிளம்பும்போது தாள் வெளியே வந்திருந்தது. ஒரு கட்டத்திலும் டிக் இல்லை. அநேகமாக ஒவ்வொரு பொருளுக்குப் பக்கத்திலும் சின்ன எழுத்தில் ஒரே சொல்.

மேசை விளக்கு, இல்லை. குளிர்கோட்டு, இல்லை. பம்ப், இல்லை. மானிட்டர், இல்லை. மெத்தைக்கும் நாற்காலிக்கும் "இருக்கு", ஷூவுக்கு "ஒரு ஜோடி இருக்கு".

இருபத்துமூன்றில் இருபது இல்லை.

முதல் பிரதியில் கதையை இங்கேயே முடித்திருந்தேன். அவள் தாளை நெஞ்சோடு அணைத்துக்கொள்கிறாள், தம்பி யாரும் சொல்லாமலே சுத்தம் செய்துவிட்டான், வசந்தம், முற்றும். வகுப்பில் நன்றாக இருக்கிறது என்றுகூடச் சொல்லியிருப்பார்கள். அவளும் இரண்டு மாடி இறங்குகிறவரை அப்படித்தான் நினைத்தாள். படியில் அவள் கால் வேகமாகக்கூட இறங்கியது.

கீழே, சலூன் வைத்திருப்பவர் கடை வாசலைக் கழுவிக்கொண்டிருந்தார். அவளைப் பார்த்ததும் தண்ணீரை நிறுத்தினார்.

"உங்க தம்பி தங்கமான ஆளும்மா. நீங்க வேலைக்குப் போன பிறகு ஒவ்வொண்ணா கொண்டுவந்து குடுப்பாரு. விளக்கு குடுத்தாரு. போன வாரம் கோட்டு. ஏன் தம்பி, அடுத்த குளிருக்கு வேணுமேன்னேன். எனக்கு எதுக்கு இனிமேன்னுட்டாரு."

அவர் பாராட்டாகத்தான் சொன்னார். அவளுக்கு அந்த "இனிமே" மட்டும்தான் காதில் நின்றது. பிறகு பஸ் நிறுத்தத்துக்குப் போகாமல் திரும்பி மாடி ஏறினாள்.

5

இங்கே அவள் கத்துவதாக எழுதினேன், அடித்தேன். அழுவதாக எழுதினேன், அதையும் அடித்தேன். "கதவை உடைத்துக்கொண்டு உள்ளே" — அவள் அப்படிப்பட்டவள் இல்லை. கதவில் கை வைத்து, ஸ்டாக் தப்பா எழுதிட்டேன், நேர்ல பார்க்கணும் என்று மட்டும் சொன்னாள். ரொம்ப நேரம் கழித்துத் தாழ்ப்பாள் நகர்ந்தது.

அறையில் ஒரு மெத்தை. ஒரு நாற்காலி. ஒரு ஜோடி ஷூ, சுவரோரமாக, நுனி வாசலைப் பார்த்தபடி. தரை பெருக்கித் துடைக்கப்பட்டிருந்தது. வீட்டலங்காரப் பத்திரிகையின் நடுப்பக்கத்தில் அப்படியே போடலாம். சாமான் குறைந்தால் மனசு லேசாகும் என்று எழுதுகிறவர்கள், ஒருவன் தன்னிடம் இருப்பதையெல்லாம் ஒவ்வொன்றாக லேசாக்கிக்கொண்டே போனால் என்ன செய்வது என்று எழுதுவதில்லை. நானும் அந்த மனசு லேசாகிற கதையைத்தான் எழுதவிருந்தேன்.

அவன் மெலிந்திருந்தான். தாடியை மட்டும் ஒழுங்காக மழித்திருந்தான். அவள் தரையில் உட்கார்ந்து நேராகக் கேட்டாள்.

"செத்துப்போகணும்னு நெனைக்கிறியாடா?"

அவன் ஷூவைப் பார்த்துக்கொண்டிருந்தான்.

"தினமும் இல்ல."

அவள் தலையாட்டினாள். கிடங்குக்குப் போன் செய்து இன்றைக்கு வர முடியாது என்றாள். டாக்டருக்குப் போன் செய்து மத்தியானத்துக்கு நேரம் வாங்கினாள், ரெண்டு பேருமா வர்றோம் என்று அவன் காதில் விழும்படி சொன்னாள். பிறகு எழுந்துபோய் இஸ்திரி மேசையைத் தூக்கிவந்து அவன் அறையில் சாய்த்தாள். அடுத்து தன் குளிர்த்துணிப் பெட்டிகள் இரண்டு. செருப்பு ஸ்டாண்ட். குடைகள். கால் ஒன்று ஆடுகிற ஸ்டூல். நேற்று பாடுபட்டு ஒழித்துவைத்த வீட்டையெல்லாம் இங்கே கொண்டுவந்து கொட்டினாள்.

"என்னக்கா பண்ற? நடக்க இடமில்ல."

"என் சாமான்டா. நீ யாருக்கும் தூக்கிக் குடுக்க முடியாது. பதினொண்ணு இருக்கு. பத்திரமா பார்த்துக்க. தினமும் சாயங்காலம் வந்து எண்ணுவேன்."

"அந்தக் குடை ஒடஞ்ச குடை."

"ஒடஞ்சதையும்தான் எண்ணுவாங்க."

அவன் சிரித்தான் என்று எழுத ஆசை. எழுத மாட்டேன். நகர்ந்து ஸ்டூலுக்கு இடம் விட்டான். அவ்வளவுதான்.

6

டாக்டரிடம் போனார்கள். அவன் நாலு வாக்கியம் பேசினான். மாத்திரை எழுதிக் கொடுத்தார்கள், வாராவாரம் வரச் சொன்னார்கள். மறுநாள் அவள் வேலைக்குப் போக வேண்டும். இனி நான் எழுதவேண்டியது அந்த மறுநாள் சாயங்காலத்தை.

ஒரு முடிவில் பதினொன்றும் இருக்கின்றன. ஸ்டூலின் ஆடுகிற காலுக்கு அவன் காகிதம் மடித்து முட்டுக்கொடுத்திருக்கிறான். இன்னொன்றில் பத்துதான் இருக்கிறது, உடைந்த குடையைக் காணவில்லை. சரி பண்ணக் கொடுத்திருக்கேன் என்கிறான். அவள் நம்பலாமா வேண்டாமா என்று நிற்கிறாள். மூன்றாவதாக ஒரு முடிவு இருக்கிறது. அது என்னவென்று உங்களுக்கும் தெரியும். அதை எழுதிப்பார்க்கக்கூட மாட்டேன். எழுதி அடித்தாலும் அடித்த கோட்டுக்கு அடியில் எழுத்து தெரியும்.

முதல் இரண்டில் ஒன்றைத் தேர்ந்தெடுக்க எனக்கு உரிமை இருக்கிறதா? யாரோ ஒருவர் நிஜமாகவே ஏதோ ஒரு கதவின் முன்னால் நின்றுகொண்டிருக்கும்போது, நான் ஒரு தாளில் சமாதானமாக முடித்துவைப்பது சரியாகப் படவில்லை.

எனவே எழுத முடிந்தது இவ்வளவுதான். இரண்டாவது பஸ் தெருவுக்குள் திரும்புகிறது. அவள் இறங்குகிறாள், இரண்டு மாடி ஏறுகிறாள், கதவு முன்னால் நிற்கிறாள். இன்றைக்கு இருக்கியாடா என்று கேட்கவில்லை. பையிலிருந்து அந்தப் பதினொன்றையும் எழுதிய புதுத் தாளை எடுத்து, முதல் வரியைச் சத்தமாகப் படிக்கிறாள்.

"இஸ்திரி மேசை."

உள்ளேயிருந்து வரவேண்டிய பதிலுக்கு ஒரு வரி காலியாக விட்டிருக்கிறேன். அதை நீங்கள்தான் சொல்ல வேண்டும். யோசித்தே சொல்லுங்கள், ஆனால் ரொம்ப நேரம் எடுத்துக்கொள்ளாதீர்கள். அவள் காலையிலிருந்து நின்றுகொண்டே இருக்கிறாள்.

" . . . . . . . . . . "