இரண்டு மிதி

1

இந்தக் கதை ஒரு பிரேக்கிலிருந்து பிறந்தது. பிரேக் பிடிக்காததிலிருந்து என்றுதான் முதலில் எழுதினேன். அது பொய். அந்தக் காரில் பிரேக் பிடிக்கும். ஒரு மிதிக்குப் பிடிக்காது, இரண்டு மிதிக்குப் பிடிக்கும். முதல் மிதியில் பெடல் சும்மா தரைவரைக்கும் போகும். விட்டு மறுபடி மிதித்தால் வண்டி முன்னால் ஒரு கும்பிடு போட்டு நிற்கும்.

(எந்தக் கம்பெனிக் கார் என்று எழுதமாட்டேன். கோளாறு கம்பெனியுடையது இல்லை, எங்களு— அவர்களுடையது.)

அவர்கள் என்றால் அமிர்தமும் அவள் அப்பா பிச்சைமுத்துவும். வீடு கச்சிராயபாளையத்தில், மலைக்குப் போகும் ரோட்டின் மேலேயே. பிச்சைமுத்து அந்த வெள்ளைக் காரைப் பதினோரு வருஷம் வாடகைக்கு ஓட்டினார். கல்யாணக்காரர்களையும் பிள்ளைத்தாய்ச்சிகளையும் வெள்ளிமலைக்கு ஏற்றி இறக்கினார். சர்க்கரை அவர் கண்ணைத் தின்ற பிறகு கடைசி இரண்டு வருஷம் அமிர்தம் ஓட்டினாள். மெக்கானிக்கிடம் காட்டியிருக்கலாமே என்பீர்கள். வீட்டில் ஒருவருக்குக் காது மந்தமானால் உடனே ஆஸ்பத்திரிக்கா ஓடுகிறோம்? சத்தமாகப் பேசக் கற்றுக்கொள்கிறோம். அப்புறம் சத்தமாகப் பேசுவதே நமக்குத் தெரிவதில்லை. அப்படித்தான் அந்த இரண்டாவது மிதியும்.

2

எழுதிப் பார்த்த தொடக்கங்கள்:

"கல்வராயன் மலையின் தோளில் மேகங்கள் தவழ்ந்த ஓர் இனிய..." (அடித்துவிட்டேன். அன்றைக்கு மேகமும் இல்லை, இனிமையும் இல்லை. மண்டை பிளக்கும் வெயில்.)

"அமிர்தம் கோபக்காரி." (இதையும் அடித்தேன். ஊரே சொல்வதை நான் வேறு சொல்ல வேண்டுமா? முதல் பட்டதாரிச் சான்றிதழுக்கு நாலு நாள் அலையவிட்ட தாலுகா ஆபீஸ்காரரிடம், "எங்க வூட்ல யாரும் படிக்கலன்றதுக்கு இன்னா சார் அத்தாட்சி? எங்க தாத்தன் கட்டவெரலக் கொண்டாரட்டுமா?" என்று கேட்டவள். மனதில் பட்டதை அவள் சொல்லாமல் விட்டதே கிடையாது. ஒரே ஒரு தடவை தவிர.)

அந்த ஒரு தடவைதான் கதை.

3

காரை விற்பதாகப் பின்கண்ணாடியில் எழுதி ஒட்டியிருந்தார்கள். பார்க்க வந்தவர் கொளஞ்சியப்பன். மூங்கில்துறைப்பட்டுக்காரர், ஆலைக்குக் கரும்பு ஏற்றிப்போகும் டிராக்டர் ஓட்டுகிறவர். ஒரே பைக்கில் மனைவி ராணியம்மாளையும் இரண்டு பெண்பிள்ளைகளையும் அடுக்கிக்கொண்டு வந்திருந்தார். காரைச் சுற்றி வந்தார், டயரை உதைத்தார். அப்புறம் அமிர்தத்தைத் தாண்டி வாசலைப் பார்த்தார்.

"வூட்ல ஆம்பளைங்க யாரும் இல்லியா பாப்பா?"

"எதுக்கு?"

"வண்டியப் பத்திக் கேக்கணும்."

"என்னையக் கேளுங்க."

"இல்ல, ஓட்டுனவங்க சொன்னா..."

"ரெண்டு வருசமா நான்தான் ஓட்டிக்கினு இருக்கேன்."

அவர் சிரித்தார். கெட்ட சிரிப்பு இல்லை. (கதைக்கு வசதி என்பதற்காக அதைக் கெட்டதாக்க மாட்டேன்.) குழந்தை சமையல் செய்தேன் என்று சொன்னால் சிரிப்போமே, அந்தச் சிரிப்பு. கெட்ட சிரிப்பாக இருந்திருந்தால் அவளுக்கு இவ்வளவு எரிந்திருக்காது.

"சரி, நான் மலையேத்திப் பாத்துக்கறேன்" என்றார்.

யார் ஓட்டிப் பார்த்தாலும் பக்கத்து சீட்டில் அமிர்தம் உட்கார வேண்டும் என்பது வீட்டில் பேச்சு. அவள் உட்காரவில்லை. சாவியைத் தூக்கிப் போட்டாள்.

"நீங்களே போய்ட்டு வாங்க. ஆம்பளதான?"

மலை வளைவில் வாந்தி வரும் என்று ராணியம்மாள் ஏறவில்லை. மலையில் டவர் கிடைக்காது என்று கொளஞ்சியப்பன் தன் போனை மனைவியிடம் கொடுத்துவிட்டு அமிர்தத்தைப் பார்த்தார். "பயப்படாத பாப்பா. நம்பிக்கைக்கு பைக்கு நிக்குது, பொண்டாட்டி நிக்கிறா."

"மொதல்ல பைக்கா?" என்றாள் அமிர்தம்.

"வுடு பாப்பா" என்று ராணியம்மாள் சிரித்தாள். "பைக்குக்கு இன்னும் டியூ கட்டிக்கினு கீறாரு. எனக்கு கட்டி முடிச்சிட்டாரு."

பிள்ளைகள் பின்சீட்டில் ஏறின. சின்னவள் கண்ணாடியில் மூக்கை நசுக்கிக்கொண்டு டாட்டா காட்டினாள்.

4

கால் மணி நேரம் கழித்து, பின்கட்டில் படுத்திருந்த பிச்சைமுத்து சுவரைத் தடவிக்கொண்டு வாசலுக்கு வந்தார். பிளாஸ்டிக் நாற்காலியில் ராணியம்மாள் இருப்பது அவருக்குத் தெரியவில்லை.

"வண்டி போற சத்தம் கேட்டுதே. நீ போவல? ரெண்டு மிதின்னு சொன்னியா?"

அமிர்தத்துக்குக் காதுக்குள் வெயில் அடித்தது. போனை எடுத்து, கொளஞ்சியப்பன் வருமுன் பேசிய எண்ணைப் போட்டாள். ராணியம்மாளின் மடியில் மணி அடித்தது.

"இன்னா பாப்பா, எதுருல குந்திக்கினே போன் போடுற?" பிறகு அவள் சிரிப்பு நின்றது. "ரெண்டு மிதின்னா இன்னா?"

அமிர்தம் சொன்னாள். எதையும் குறைக்காமல் சொன்னாள். ராணியம்மாள் எழுந்து போய் ரோட்டின் நடுவில், மலையைப் பார்த்து நின்றாள்.

ஒரு மணி நேரம் ஆயிற்று. மலைக்குப் பைக்கில் போன ஒருவனை நிறுத்திப் பார்த்துவரச் சொன்னார்கள், அவனையும் காணோம். 'அந்த ஆளு திருடனா இருக்கணும் சாமி' என்று அமிர்தம் வேண்டிக்கொண்டாள். 'காரோட சேலத்துக்கு ஓடிப்போயிருக்கணும்.'

5

இங்கே எனக்கு மூன்று நாள் எழுத வரவில்லை. மறந்தாளா, வேண்டுமென்றே விட்டாளா?

மறந்தாள் என்று ஒரு பத்தி எழுதினேன்: பழகிய கால் தானாகவே இரண்டு முறை மிதிக்கும், கோளாறு இருப்பதே நினைவில் இராது, ஆகவே... நியாயமாக இருந்தது. இன்னொன்றும் எழுதினேன்: சாவியை வீசும்போது அந்த வார்த்தை நாக்கின் நுனிவரை வந்தது, அவர் சிரித்த சிரிப்பைப் பார்த்துவிட்டு அது திரும்பி

(முடிக்கவில்லை.)

முடிவுகளும் எழுதினேன். ஒன்றில் கார் பள்ளத்தில் விழுகிறது. ஒன்றரைப் பக்கம். நன்றாகவே வந்தது, அதுதான் பயமாக இருந்தது. டாட்டா காட்டின அந்தக் கையை எங்கே கிடத்துவது என்று யோசித்தபோது என் கை ஓடவில்லை. கிழித்துவிட்டேன். இன்னொன்றில் கொளஞ்சியப்பன் நிஜமாகவே திருடன். அதில் அமிர்தம் சுலபமாகத் தப்பித்துவிடுகிறாள். அந்தச் சலுகை அவளுக்குக் கிடையாது.

ஆகவே நடந்ததையே எழுதுகிறேன்.

6

ராணியம்மாளுக்குத்தான் முதலில் கேட்டது. "தோ, அவரு ஓட்டறதுதான். உறுமிக்கினு வருது பாரு."

முதல் கியரில் அலறிக்கொண்டு, நடக்கிற வேகத்தில் கார் வந்தது. பின்னாலேயே காவல் மாதிரி அந்தப் பைக் ஆள். வாசலில் கார் ஒரு கும்பிடு போட்டு நின்றது. சின்னவள் இறங்கினாள். மோவாயிலும் கவுனிலும் பலாப்பழப் பிசுக்கு. அமிர்தம் அப்படியே ரோட்டில் உட்கார்ந்துவிட்டாள். தார் சுட்டது, சுடட்டும் என்று உட்கார்ந்திருந்தாள்.

"ஏறசொல்ல ஒண்ணும் தெரில பாப்பா" என்றார் கொளஞ்சியப்பன். "மேல போயி வண்டியத் திருப்பசொல்லத்தான் பெடலு உள்ள போச்சு, வுட்டு மிதிச்சா புடிச்சிக்கிச்சு. கரும்பு டிரெய்லருக்கு இன்னா பிரேக்கா கீது? ஏறுன கியர்லயே எறங்கிட்டேன். ஆடு ஓட்டிக்கினு வந்தவரு எங்கள முந்திக்கினு போறாரு! வளைவுக்கு வளைவு நிறுத்தி, புள்ளைங்களுக்குப் பழம் வாங்கிக் குடுத்துக்கினு..."

"எனக்குத் தெரியும்" என்றாள் அமிர்தம். "தெரிஞ்சும் சொல்லல."

அவர் சிரிப்பு போய்விட்டது. அவர் வாய் திறக்கும் முன்னே ராணியம்மாள் அவர் முதுகில் பளாரென்று ஒன்று வைத்தாள்.

"ஏறசொல்ல கேட்டியா, வண்டில இன்னா கோளாறுன்னு?"

"யாரக் கேக்கறது?"

"தோ குந்தினு கீதே, இத்தக் கேக்கணும்!" அமிர்தத்தின் பக்கம் திரும்பினாள். "உனக்கும் ஒண்ணு வெக்கணும். புள்ளைங்க ஏறுச்சு இல்ல?"

"வையுங்க" என்றாள் அமிர்தம்.

ராணியம்மாள் வைக்கவில்லை. ஓங்கிய கையாலேயே அவளைத் தூக்கிவிட்டாள்.

கொளஞ்சியப்பன் பானட்டில் சாய்ந்துகொண்டார். பிறகு வாசலைப் பார்க்காமல் அவளைப் பார்த்துக் கேட்டார். "வேற இன்னா கோளாறு கீது? சொல்லு."

அமிர்தம் சொன்னாள். இடது கண்ணாடி இறங்கினால் ஏறாது. மழையில் வைப்பர் மூக்கால் அழும். மூன்றாம் கியரைக் கொஞ்சம் கெஞ்ச வேண்டும். டிக்கியில் எலி குட்டி போட்ட வாடை இன்னும் போகவில்லை. சொல்லச் சொல்ல நெஞ்சு இளகிக்கொண்டே வந்தது. உள்ளேயிருந்து பிச்சைமுத்து, "அடியே, ஒண்ணு ரெண்டாவது மிச்சம் வையி" என்று கத்தினார்.

"பிரேக்க மாத்தாம இந்த வண்டியத் தரமாட்டேன்" என்றாள் கடைசியாக.

"மாத்திட்டுச் சொல்லு, வரேன்" என்றார் அவர். "நீ பக்கத்துல குந்து. நான் ஓட்டறேன்."

7

வாங்கினாரா என்று எழுதப்போவதில்லை. மறந்தாளா, விட்டாளா என்பதையும் உங்களிடமே விடுகிறேன். சாவியைக் கொடுப்பது மாதிரி இந்த முடிவைக் கொடுக்கிறேன். இந்தத் தடவை தூக்கிப் போடவில்லை, கையில் வைக்கிறேன். கோளாறையும் முன்கூட்டியே சொல்லிவிடுகிறேன்.

அமிர்தம் என்று நான் எழுதிய பெயர் முதல் மிதி. அதில் எதுவும் பிடிக்காது. காலை எடுத்துவிட்டு இன்னொரு முறை மிதித்துப் பாருங்கள், அங்கே நான் நிற்பேன்.