தலைவி ஏற்றாத கொடி

ஊராட்சித் தலைவி என்று பலகையில் கெங்கம்மாள் பெயர்தான் இருந்தது. நாற்காலியில் அவள் வீட்டுக்காரர் கோபால் உட்கார்ந்திருந்தார். இதுவரை வந்த நான்கு சுதந்திர தினத்துக்கும் கொடியேற்றியவர் அவர்தான். தலைவியே ஏற்ற வேண்டும் என்று மேலிடத்து உத்தரவு வந்த பிறகும் மனிதரிடம் ஏதாவது சாக்கு இருந்தது. பதவி முடிய இன்னும் ஐந்து மாதம். இந்தத் தடவை விட்டால் அவளுக்கு இந்த ஜென்மத்தில் அந்தக் கயிறு கிடையாது.

"இந்த வருசம் நீதான் ஏத்தற. குலசாமி மேல சத்தியம்" என்றார் கோபால். வாய் சர்க்கரை, கை கருணைக்கிழங்கு என்று தெரிந்தும் கெங்கம்மாள் நம்பினாள். கட்டினவரை நம்பாமல் வேறு யாரை நம்புவது?

எட்டாவது படித்தவள். பள்ளிக்கூடத்தில் புத்தகம் கேட்டு வாங்கி, பேச வேண்டியதை இரண்டு பக்கம் தன் கையாலேயே எழுதினாள். முதலில் கொடி நடுவில் ராட்டை இருந்தது, சுதந்திரத்துக்கு மூன்று வாரம் முன்புதான் அசோகச் சக்கரம் வந்தது, அதில் இருபத்து நாலு ஆரக்கால். காவி தியாகத்துக்கு, வெள்ளை சமாதானத்துக்கு, பச்சை விளைச்சலுக்கு. சாமைக் கொல்லையில் களை பிடுங்கும்போதும் இதையே முணுமுணுத்துக்கொண்டிருந்தாள்.

அந்த மலையூரில் தேசியக் கொடிக்கும் திருவிழாக் கொடிக்கும் யாரும் வித்தியாசம் பார்ப்பதில்லை. கம்பத்தைக் கழுவி மஞ்சள் குங்குமம் வைப்பார்கள், கற்பூரம்கூடக் காட்டுவார்கள். மாதவிலக்கான பெண் அந்தப் பக்கம் தலைகாட்டக் கூடாது. தப்புதான். பக்தியில் செய்கிற தப்பு என்று கெங்கம்மாளும் கண்டுகொள்ளாமல் விட்டிருந்தாள்.

பதினைந்தாம் தேதி விடிந்ததும், கொடிக்குள் வைக்கிற பூ வாடிவிட்டது, மிட்டாயும் போதாது என்று சொல்லி கோபால் அவளை ஜமுனாமரத்தூருக்கு முதல் பஸ்ஸில் அனுப்பினார். கொடி ஒன்பது மணிக்குத்தான், நீ வராமல் நடக்குமா என்றார். எட்டரைக்கு அவள் பையோடு வந்து இறங்கியபோது கொடி மேலே பறந்துகொண்டிருந்தது. கோபால் மைக்கில் பேசிக்கொண்டிருந்தார். கையில் அவள் எழுதிய இரண்டு பக்கம்.

கூட்டத்துக்குள் நுழையப் போனவளை வார்டு உறுப்பினர் தேவயானி மறித்தாள்.

"இன்னாக்கா, நீ இங்க வர்ற? நீ தூரமாயிட்டன்னு மாமா சொன்னாரே. அதான் எட்டு மணிக்கே அவரு ஏத்திட்டாரு."

சொல்லிவிட்டு, தன் முந்தானை அவள்மேல் படாமல் இழுத்துக்கொண்டாள்.

நம்ப வைத்துக் கழுத்தை அறுப்பது என்றால் இதுதான். பூவுக்கு அனுப்பினது பொய், ஒன்பது மணி பொய், குலசாமி சத்தியமும் பொய். அதெல்லாம்கூடப் போகட்டும். ஊர் நடுவில் சொல்வதற்கு அந்த மனிதருக்கு இந்தப் பொய்யா கிடைத்தது?

நேராக மைக்கிடம் போனாள். கோபால் ஆரக்கால்களை முடித்துப் பச்சைக்கு வந்திருந்தார். காகிதத்தை அவள் பிடுங்கவில்லை. மைக்கை மட்டும் தன் பக்கம் திருப்பினாள்.

"எனக்குத் தூரம் நின்னு மூணு வருசமாச்சு. ஒரே வூட்ல இருக்கற இந்த மனுசனுக்கு அது தெரியல. என்கூடக் களை எடுக்கற பொம்பளைங்களுக்குத் தெரியும்."

சொல்லும்போதே அவர்களைத் தேடினாள். முன்வரிசையில்தான் அந்த நாலு பேரும் உட்கார்ந்திருந்தார்கள். எட்டு மணிக்கு கோபால் அந்தப் பொய்யைச் சொன்னபோதும் அங்கேதான் இருந்தார்கள். ஒருத்தியும் தலை நிமிரவில்லை.