சித்திரையில் வந்த வித்துகள்

அந்த மாநகரத்தின் காற்றில் பூஞ்சை வித்துகள் ஐப்பசி, கார்த்திகை மாதங்களில் மட்டுமே இருக்கலாம் என்பது விதி. மக்களுக்கு மூச்சு இளைக்க அனுமதியும் அப்போதுதான். மற்ற மாதங்களில் மூன்று முறை இளைத்தவர்களை நகர எல்லைக்கு வெளியே கொண்டுபோய் விட்டுவிடுவார்கள்.

சுடர்க்கொடியின் அம்மா பாக்கியத்துக்குச் சித்திரையில் இரண்டு முறை இளைத்துவிட்டது. இளைப்பு ஆய்வாளர் வாசற்கதவில் இரண்டு நோட்டீஸ் ஒட்டிவிட்டுப் போனார். அன்றிலிருந்து அம்மா வாயில் முந்தானையை அடைத்துக்கொண்டே மூச்சு விட்டாள்.

சுடர்க்கொடிக்கு மாநகராட்சியில் வித்து எண்ணும் வேலை. அவர்கள் வீட்டில் காலேஜ் படி மிதித்த முதல் ஆள் அவள்தான். தற்காலிக வேலை என்றாலும் உயிரைக் கொடுத்துப் பார்த்தாள். வாஸ்லின் தடவிய கண்ணாடித் துண்டை மொட்டைமாடியில் வைத்தால் வித்துகள் வந்து ஒட்டும். மைக்ராஸ்கோப்பில் எண்ணிப் பதிவேட்டில் எழுத வேண்டும். அவளுக்கு முன்னால் இருந்தவர்கள் மொட்டைமாடிக்கே போனதில்லை. போன வருடத்துப் பக்கத்தைப் பார்த்து எழுதிவிடுவார்கள். சித்திரைக்கு எப்போதும் சைபர்.

சுடர்க்கொடி எண்ணினாள். நானூற்றுப் பன்னிரண்டு. தப்போ என்று பயந்து மூன்று தடவை எண்ணினாள். பிறகு பேனாவால் எழுதிக் கையெழுத்துப் போட்டாள்.

கண்காணிப்பாளர் அருமைராஜ் பதிவேட்டைப் புரட்டினார்.

"ஏம்மா, யாரு உன்னை எண்ணச் சொன்னா?"

"வேலையே அதானே சார்."

"படிச்ச புள்ளைங்கள எடுத்தா இதான் ரோதனை. பென்சில்லயாவது எழுதித் தொலைச்சிருக்கலாம்ல?"

பேனாவால் எழுதியதை அழிக்க விதியில்லை. வித்துகள் பருவம் தவறவும் விதியில்லை. ஆகவே தவறியது மாதம்தான். மதியத்துக்குள் உத்தரவு வந்தது: காலண்டர் ஆறு மாதம் பின்னுக்குப் போகிறது, இன்று ஐப்பசி இருபது. கொளுத்தும் வெயிலில் ஜனங்கள் குடையை விரித்து, தேங்காத தண்ணீரைத் தாண்டித் தாண்டி நடந்தார்கள்.

சுடர்க்கொடி வீட்டுக்குப் போன் செய்தாள். "அம்மா, முந்தானைய எடுத்துரு. இப்ப இளைக்கலாம்."

"நெசமாவாடி? கேஸு ஒண்ணும் ஆயிடாதே?"

"ஆவாதும்மா."

மறுமுனையில் அம்மா ஆசைதீர இளைத்தாள்.

போனை வைத்ததும் அருமைராஜ் கையை நீட்டினார். "மாடிச் சாவியக் குடும்மா. நீ வேலைக்குச் சேந்தது மார்கழியில. அதுக்கு இன்னும் நாள் கெடக்கு. இன்டர்வியூவுக்கு மறக்காம வந்துரு. பென்சில் கொண்டா."

நியாயமாகத்தான் பட்டது. சாவியைக் கொடுத்துவிட்டு இறங்கினாள்.

படிக்கட்டில் வித்துகள் வரிசையாக ஏறி வந்துகொண்டிருந்தன, ஐப்பசி வேலையில் சேர. முப்பத்தேழு வரை எண்ணியவள், தான் இன்னும் சேரவில்லை என்பது நினைவுக்கு வர, நிறுத்திக்கொண்டு சுவரோரம் ஒதுங்கி வழிவிட்டாள்.