தெரு தூங்கும் நேரத்தில் வந்தவன்

மக்தலேனா ஆற்றங்கரையில், எங்கள் தெருவுக்குத் தெரியாமல் ஒரு பூனைகூடக் குட்டி போட முடியாது. மதியம் கதவடைத்துத் தூங்கும்போது மட்டும்தான் எங்கள் கண்களுக்கு ஓய்வு.

அப்படிப்பட்ட தெருவின் நடுவில்தான் தொமித்திலா, கல்யாணம் கட்டாமலே காலமெல்லாம் கூட வாழ்ந்த எராஸ்மோவின் சட்டைகளை வீசியெறிந்தாள். "உன் நிழல்கூட இந்தப் படிய மிதிக்கக் கூடாது!" அவன் அக்கரையில் அண்ணன் வீட்டுக்குப் போனான், வருடம் திரும்புவதற்குள் அங்கேயே செத்தும் போனான். வீடு அவன் பெயரில். "பிரிஞ்சு போனவளுக்கு வீடு எதுக்கு?" என்று அண்ணன் வழக்குப் போட்டான். சாகும்வரை சேர்ந்து வாழ்ந்தவளுக்குத்தான் சட்டப்படி வீடு.

"நாங்க பிரிஞ்சதே இல்ல" என்றுதான் தொமித்திலா வக்கீல் யதிராவிடம் சாதித்திருந்தாள். சட்டை பறந்த கதையை எதிர்த்தரப்பு சொல்லிக் கேட்ட யதிரா, உச்சி வெயிலில் அவள் வீட்டில் வந்து உட்கார்ந்தாள்.

"தெருவுக்கே தெரிஞ்சது எனக்கு மட்டும் தெரியலையே! எங்கிட்ட சொன்னா, நீங்க சரின்னு சொல்ற வரைக்கும் வெளிய போகாதும்மா."

தொமித்திலா அண்ணாந்து பார்த்தாள். ஆற்றின் வெளிச்சம் கூரையில் நீந்திக்கொண்டிருந்தது. ஆளில்லாத வலை ஊஞ்சல் மெல்ல அசைந்தது; யாரோ புரண்டு படுத்ததுபோல.

"வெரட்டுனது நெசம்," என்றாள், ஊஞ்சலிடம் சொல்வதுபோல. "ஆனா தெரு தூங்குனதும் கொல்லப்பக்கமா வருவான். தாழ்ப்பாள் போடாம வச்சிருப்பேன். மீன் சாறு குடிச்சிட்டு இதுலதான் படுப்பான். சாகறதுக்கு முந்தின மதியமும் வந்தான்."

"யாராச்சும் பாத்தாங்களா?"

"படகுக்காரன் அனிபால். அவன் வாய்க்கும் ஒரு கிண்ணம் சாறு ஊத்தித்தான் அடைச்சேன்."

"அட கடவுளே, இதுதாம்மா நம்ம கேஸே! இதப் போயி மறைப்பாங்களா?"

"சொன்னா கோர்ட்ல சொல்லச் சொல்வீங்க. தெருவே வந்து உக்காந்திருக்கும். அவ்வளவு வீம்பு பேசிட்டு, சாறு ஊத்துன கதைய எந்த மூஞ்சிய வச்சுச் சொல்றது?"

"வீம்ப வச்சுக் கூரை போட முடியாதும்மா."

விசாரணையன்று விசிறிகளோடு தெருவே போயிருந்தது, நானும்தான். அனிபால் எல்லாவற்றையும் ஒப்புக்கொண்டான். பிறகு தொமித்திலா கண்ணை மூடிக்கொண்டு பேசினாள். "அடிப்பாவி, தூங்கித் தொலைச்சோமேடி!" என்று எதிர்வீட்டு நூபியா அலறினாள். சிரிப்பு அடங்கியபோது அண்ணனின் வக்கீல் காகிதங்களை மடித்துக்கொண்டிருந்தார்.

தொமித்திலா மட்டும் நிறுத்தவில்லை. சாற்றில் உப்புப் போதாதென்று அவன் சொல்வது, தூக்கத்தில் அவள் பெயரைச் சொல்வது, குளித்துக் கிளம்பும்போது அவன் ஈரத் தலையை இவள் துவட்டிவிடுவது...

யதிரா அவள் முழங்கையைத் தொட்டாள். "போதும்மா, இவ்வளவே போதும்."

"இருங்க வக்கீலம்மா, இன்னும் சொல்லி முடிக்கல."