வாசலில் சொன்ன உக்ஸோலோ

நோசிபெலேயின் புருஷனைக் கொன்றதிலிருந்து குழி தோண்டிப் புதைத்தது வரை, வெள்ளைக்காரப் போலீஸ்காரன் ஃபான் டொண்டர் தென்னாப்பிரிக்க உண்மை ஆணையத்தின் முன்னால் ஒன்றுவிடாமல் சொன்னான். மன்னிப்பு மட்டும் கேட்கவில்லை. உண்மையைச் சொன்னால் போதும், அவனுக்கு விடுதலை உண்டு. மன்னிப்புக் கேட்கத் தேவையில்லையாம். நல்ல சட்டம்!

கூட்டம் கலைந்தபோது மண்டபத்து வாசலில் அவளுக்கு நேரெதிரே வந்து நின்றான். அவளுடைய கோசா மொழியிலேயே, "உக்ஸோலோ" என்றான். அவள் சட்டென்று ஒதுங்கினாள். அவன் போய்விட்டான்.

பஸ்ஸில் நாத்தனார் மன்டிசா பொரிந்தாள். "நம்ம பேச்சுல மன்னிச்சுடுங்கன்னாலும் உக்ஸோலோதான், வழி விடுங்கன்னாலும் உக்ஸோலோதான். அவன் எதுக்குச் சொன்னான்?"

"தெரியலையேடி."

"மூஞ்சியப் பாத்தீங்களா, அண்ணி?"

"பாத்தேன். ரெண்டுக்கும் பொருந்துற மாதிரிதான் வெச்சிருந்தான்."

"அவன் கிடக்கான். நீங்க ஒதுங்குனீங்களே, அது மன்னிச்சதா, வழி விட்டதா?"

நோசிபெலே குனிந்து தன் காலைப் பார்த்தாள்.

"நான் எங்கடி ஒதுங்குனேன்? வெள்ளைக்காரன் எதிர்ல வந்தான், காலு பழக்கத்துல தானா ஒதுங்கிடுச்சு."